பயன்பாட்டுப் பதிவேடு

கணக்கு டீச்சர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பொறுப்பாசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த ஏழு ஆசிரியர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். வராதவர் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் பெரிய சார் பச்சை அட்டைக் கோப்பு ஒன்றை நீட்டினார். தலைமையாசிரியரை ஊரில் எல்லோருமே பெரிய சார் என்றுதான் சொல்வார்கள்.

"உங்களை ஏகமனதா தேர்ந்தெடுத்திருக்கோம் டீச்சர்."

டீச்சரின் வாய்க்குள் பஞ்சு இருந்தது. மறுக்க முடியவில்லை. 'மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று பெரிய சார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கோப்பின் முதல் பக்கத்தில் 'தூய பள்ளி, தூய ஊர்' என்று போட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சுத்தத்தைக் கற்றுக்கொள்வார்கள், கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், வீடு திருந்தும், வீடு திருந்தினால் ஊரும் திருந்தும். டீச்சருக்குப் படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது. இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஒழுங்காகப் பிறந்தால் போதும், மனசு இளகிவிடும். முதல் வரிக்கு முன்னால் தண்ணீர் என்று ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் கடைசிப் பக்கம் வரை தேடிய பிறகுதான் கண்டுகொண்டார்.

பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லாமல் இல்லை. மைதானத்தின் மூலையில் நாலு அறை, வெள்ளை ஓடு பதித்து, சுவரில் சிரிக்கிற குழாய் ஒன்றின் படம் வரைந்து, ஜம்மென்று நின்றது. ஏழு மாதத்துக்கு முன் மோட்டார் எரிந்துபோனது. அதற்கப்புறமும் ஒரு வாரம் பிள்ளைகள் போய்வந்தார்கள். எட்டாம் நாள் அந்தப் பக்கமே யாராலும் போக முடியவில்லை. தெருக்குழாயிலிருந்து குடிதண்ணீர் சுமந்து வரும் தண்ணியக்காதான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மண்ணைப் போட்டுத் தேய்த்து, ஒருவழியாகச் சுத்தம் பண்ணினாள். அன்றைக்குப் பெரிய சார் போட்ட பூட்டுதான். பையன்கள் மதில் சுவரைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை.

சொந்தச் செலவில் மோட்டாரைச் சரிபண்ணலாமே என்று யாராவது கேட்டால் பெரிய சார் பேச்சை மாற்றிவிடுவார். போன வருஷம் அப்படித்தான் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு ஒயரை மாட்டச் சொன்னார். 'அரசு உடைமையில் அனுமதியின்றிக் கை வைத்தமை' என்று மெமோ வந்தது. அதற்கு மூன்று முறை விளக்கம் எழுதினார். அதிலிருந்து மின்விசிறியைத் துடைப்பதற்குக்கூட மேலே எழுதிக் கேட்கிறார். மோட்டார் அறையிலோ, பள்ளிக்கூடங்களின் மோட்டார்களைப் பராமரிக்கிற குழாய்ப் பிரிவு வைத்த அரக்கு முத்திரை வேறு இருந்தது.

டீச்சரும் காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை ரெண்டு மடக்குத் தண்ணீர்தான் குடிப்பார். நீர்க்கடுப்பு என்று இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை டாக்டரிடம் போயாகிவிட்டது.

"நிறைய தண்ணி குடிங்கம்மா" என்றார் டாக்டர்.

"குடிச்சுட்டு எங்க டாக்டர் போறது?"

டாக்டர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். டீச்சரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

திட்டத்தின் முதல் கட்டம் பயிற்சி. தலைமை அலுவலகத்தில் மூன்று நாள். அறுபது பள்ளிக்கூடங்களிலிருந்து அறுபது பொறுப்பாசிரியர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கூட்டத்துக்குப் போகாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்பது டீ இடைவேளையில் தெரிந்தது. மேடையில் நின்றவர் திட்ட ஒருங்கிணைப்பாளர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காதோரம் மைக், சதா ஒரு புன்னகை. மேடையில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார்.

"இங்க வந்ததும் எல்லாரும் தண்ணி, தண்ணின்னு ஆரம்பிப்பீங்க. எனக்குத் தெரியும். தண்ணிங்கிறது வெறும் உபகரணம். கை கழுவுறதுங்கிறது ஒரு மனநிலை. மனநிலை வந்துட்டா தண்ணி தானா வரும்!"

கைதட்டல் கேட்டது. முன்வரிசையில் சிலர் அதை எழுதிக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் கையைத் தூக்கினார்.

"சார், எங்க ஸ்கூல்ல மோட்டார் எரிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. கழிப்பறைய பூட்டி வச்சிருக்கோம். அதுக்கு இந்தத் திட்டத்துல..."

"அருமையான கேள்வி!" ஒருங்கிணைப்பாளரின் முகம் மலர்ந்தது. "இந்த மாதிரி கேள்விக்கு நாங்க ஒரு பேர் வச்சிருக்கோம். தடை மனப்பான்மை. எல்லாரும் எழுதிக்குங்க. டீச்சர், கோவிச்சுக்காதீங்க, எரிஞ்சுபோனது உங்க ஸ்கூல் மோட்டார் இல்ல. உங்களுக்குள்ள இருக்கிற மோட்டார். முதல்ல அத ஓட்டுங்க."

அறுபது பேனாக்கள் தடை மனப்பான்மை என்று எழுதின. டீச்சரும் எழுதினார். எழுதாவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்களோ என்று பயம்.

பிறகு கை கழுவும் ஏழு படிகள் நடந்தன. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. தண்ணீர் இல்லாமல், சோப்பு இல்லாமல், அறுபது பெரியவர்கள் இருபது நொடி வெறுங்காற்றில் கையைத் தேய்த்தார்கள். முதல் நாள் முழுக்க வலது கை, ரெண்டாம் நாள் இடது கை, மூன்றாம் நாள் ரெண்டையும் சேர்த்து.

மதிய இடைவேளையில் டீச்சர் கழிப்பறையைத் தேடிப் போனார். 'பராமரிப்பில் உள்ளது. எதிர்க் கட்டடத்தைப் பயன்படுத்தவும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. எதிர்க் கட்டடத்துக்குப் போனார். அங்கேயும் அதே தாள், அதே எழுத்து. அது இவரை மறுபடியும் இந்தக் கட்டடத்துக்கே அனுப்பியது. எதற்கும் ஒரு தடவை என்று மறுபடி வந்து பார்த்தார். அப்புறம் மூன்று நாளும் மதியச் சாப்பாட்டோடு மோர்கூடத் தொடவில்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். 'கை கழுவுதலில் தேர்ச்சி பெற்றார்' என்று அதில் இருந்தது. அந்த மூன்று நாளில் அவர் கையை நனைத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் குடித்த பாட்டிலில் மிச்சமிருந்ததில்.

பயிற்சி முடிந்த கையோடு டீச்சர் குழாய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனுஷர். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். மனுவை முழுசாகப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"பாவம் பிள்ளைங்க. உடனே செஞ்சுடலாம் டீச்சர். மூணு மாசப் பயன்பாட்டுப் பதிவேடு கொண்டுவந்திருக்கீங்களா?"

"என்ன பதிவேடு?"

"கழிப்பறைய யார் யார் பயன்படுத்துனாங்கன்னு. அது இருந்தாத்தான் மோட்டார் அவசியம்னு நாங்க மேல காட்ட முடியும்."

"தண்ணி இல்லாததால பூட்டி வச்சிருக்கோம் சார். யாரும் பயன்படுத்தல."

எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாருமே பயன்படுத்தாத இடத்துக்குத் தண்ணி எதுக்கு டீச்சர்? வீணாத்தானே போகும்?"

டீச்சர் கரும்பலகை முன்னால் நிற்பதுபோல நிதானமாகக் கேட்டார். "அப்போ தண்ணி வரணும்னா முதல்ல பயன்படுத்தணும். பயன்படுத்தணும்னா முதல்ல தண்ணி வரணும்."

"பாத்தீங்களா, உங்களுக்கே புரிஞ்சிருச்சு!" எழுத்தருக்கு உண்மையிலேயே சந்தோஷம். சிலருக்கு இதைப் புரியவைக்க அரை நாள் ஆகிறதாம். போகும்போது பீரோவைத் திறந்து புத்தம்புதுப் பதிவேடு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். இருநூறு பக்கம், கெட்டி அட்டை. பெயர், வகுப்பு, உள்ளே சென்ற நேரம், வெளியே வந்த நேரம், நோக்கம், திருப்தி, கையொப்பம் என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. திருப்தி என்ற கட்டத்தின் கீழே சின்ன எழுத்தில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று இருந்தது. கழிப்பறையைப் பயன்படுத்தும் அனைவரும் தவறாமல் எழுத வேண்டும் என்று இணை இயக்குநர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது.

பெரிய சாருக்குப் பதிவேட்டைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

"அடடே, இவ்வளவுதானா? நூத்தி நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. ஆளுக்கு ரெண்டு தடவைன்னு போட்டு ஒரு வாரத்துல நிரப்பிடலாம் டீச்சர். நேரம் மட்டும் கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்க."

"என்னால முடியாது சார்."

"ஏன்?"

டீச்சர் பதிவேட்டை மூடினார். அது ஒன்றும் பெரிய கொள்கை இல்லை. விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாக வழிமுறையை எழுதுகிற பிள்ளைகளை இருபத்திரண்டு வருஷமாகக் கையும் களவுமாகப் பிடித்துப் பிடித்து, அந்தக் காரியம் அவருக்கு வராமலே போய்விட்டது. பதிவேடு வெள்ளையாகவே அலமாரியில் கிடந்தது.

திட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை. தினமும் காலை பத்தரை மணிக்குள் பிள்ளைகள் கை கழுவும் வீடியோவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி விழும். ஆகவே நூற்றி நாற்பது பிள்ளைகளும் மைதானத்தில் வரிசைகட்டி நின்று ஏழு படிகளையும் காற்றில் செய்தார்கள். விளையாட்டு சார் விசில் ஊதினார். ரெண்டே வாரத்தில் அப்படி ஒரு ஒழுங்கு, ராணுவம் தோற்றது. 'நீரில்லா நிலையிலும் நிலைத்த நடத்தை' என்று ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பாராட்டு வந்தது.

ஒருநாள் ஊரில் முடிவெட்டுகிறவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். தோளில் துண்டு, துண்டில் அப்போதுதான் வெட்டிய மயிர்.

"டீச்சர், என் பையனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"மண்ணுல விளையாடிட்டு அப்படியே சாப்பிட வர்றான். தட்டு முன்னால நின்னு காத்துல கைய ஏழு தடவ தேய்ச்சுட்டு உக்காந்துடறான். டேய், தண்ணி ஊத்திக் கழுவுடான்னா, 'அது தடை மனப்பான்மைப்பா'ங்கிறான். முன்னெல்லாம் ஒழுங்கா கழுவிக்கிட்டு இருந்த பையன் டீச்சர்!"

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை போய், கையைத் தண்ணீரால்தான் கழுவ வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தார். பெரிய சார் அதற்குள் அந்தச் சம்பவத்தை 'வீடு வரை சென்ற மாற்றம்' என்ற கட்டத்தில் ஏற்றிவிட்டிருந்தார்.

எட்டாம் வகுப்பில் நெட்டை என்று ஒரு பெண் இருந்தாள். வகுப்பிலேயே உயரம் என்பதால் வந்த பெயர். சூத்திரத்தை எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து விடை வரும். அப்படிப்பட்ட பெண் கொஞ்ச நாளாக மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் இருப்பதில்லை. வயிற்றுவலி என்பாள், தலைவலி என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, இருபது நொடிக் கை கழுவலின் நாலாவது படியில், வெயிலில் அப்படியே சுருண்டு விழுந்தாள். விளையாட்டு சாருக்கு விசிலை நிறுத்தத் தோன்றவில்லை. மற்ற பிள்ளைகள் ஏழாவது படிவரை முடித்துவிட்டுத்தான் ஓடி வந்தார்கள்.

தண்ணியக்கா முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்காரவைத்தாள். "காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலையாம் டீச்சர் இவ. குடிச்சா வருமேன்னு பயம். இவ மட்டும் இல்ல, பெரிய கிளாஸ் பொண்ணுங்க யாருமே குடிக்கிறதில்ல. நான் கொண்டுவர்ற குடம் அப்படியே திரும்பிப் போகுது."

டீச்சரின் பையிலும் காலையில் நிரப்பிய பாட்டில் நிரப்பியபடியே இருந்தது.

திங்கட்கிழமை நெட்டை வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரம் டீச்சர் செங்கல் சூளைக்கு நடந்தார். நெட்டையின் அம்மா அங்கே கல் அறுக்கிறாள். முழங்கைவரை களிமண். பக்கத்திலேயே நெட்டை அறுத்த கல்லைத் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அவள அனுப்பிவைம்மா. நல்லா வருவா."

"தெரியும் டீச்சர். அவ படிக்கணும்னுதானே நான் இந்த மண்ணுல நிக்கிறேன்." அம்மா கையைப் பாவாடையில் துடைத்தாள். "ஆனா வயசுக்கு வந்த பொண்ண, காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காருடின்னு எப்படிச் சொல்லுவேன்? இங்கயாவது நாலு கல்ல அடுக்கி ஒரு மறைப்பு கட்டி, ஒரு வாளித் தண்ணி வச்சிருக்கோம். உங்க ஸ்கூல்ல அதுகூட இல்லயாமே?"

டீச்சர் அந்த மறைப்பைப் பார்த்தார். இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே உடைந்த செங்கல் சுவர், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. திரும்பி நடக்கும்போது அவருக்குக் கால் வலித்தது. பஸ் நிறுத்தம்வரை வழியில் எங்கேயும் உட்கார இடம் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் ஆய்வு வந்தது. நட்சத்திரம் போடுவதற்காக இணை இயக்குநரம்மாவே நேரில் வருகிறார் என்றார்கள். கூடவே ஒருங்கிணைப்பாளரும். பெரிய சார் மூன்று நாள் தூங்கவில்லை. கழிப்பறைக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பூட்டைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். புதுச் சோப்பு நாலு வாங்கி, உறையைப் பிரிக்காமல் நாலு அறையிலும் வைத்தார்கள்.

இணை இயக்குநரம்மா வந்து இறங்கினார். நாலு மணி நேரக் கார்ப் பயணம். ஆனாலும் முகத்தில் களைப்புத் தெரியாமல் நேரே கழிப்பறைக்குத்தான் போனார். கதவைத் திறந்து காட்டினார்கள். வெள்ளை ஓடு பளபளத்தது.

"நான் இதுவரைக்கும் இருநூறு ஸ்கூல் பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தத்த எங்கயும் பாக்கல!" என்றார் அவர். "யாருமே உள்ள போகாத மாதிரி இருக்கு! பிள்ளைங்க எவ்வளவு பொறுப்பா பயன்படுத்தியிருந்தா இப்படி இருக்கும்?"

ஒருங்கிணைப்பாளர் குழாயைத் திருகாமல் தொட்டுப் பார்த்தார், சோப்பைத் தொட்டுப் பார்த்தார், ஐந்து நட்சத்திரம் போட்டார். பெரிய சாருக்குக் கண் கலங்கியது. டீச்சர் வாயைத் திறக்கப் போனார். பெரிய சார் அவர் காலை மெதுவாக மிதித்தார்.

பிறகு விழா நடந்தது. பிள்ளைகள் ஏழு படி செய்து காட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் மனநிலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இணை இயக்குநரம்மா பேசுகையில், "ஒரு நாட்டோட நாகரிகத்த அதோட கழிப்பறைல பாக்கலாம். இந்த ஸ்கூலோட நாகரிகத்த நான் இன்னைக்குப் பாத்தேன்" என்றார். நல்ல வெயில். நடுவில் ரெண்டு தடவை டீ கொடுத்தார்கள். மேஜைமேல் இருந்த பாட்டிலையும் அவர் காலி பண்ணியிருந்தார்.

நன்றியுரை நடந்துகொண்டிருக்கும்போது அவர் டீச்சரைக் கண்ணால் கூப்பிட்டார். ரகசியமாகக் கேட்டார்.

"ரெஸ்ட்ரூம் போகணும். சாவி உங்ககிட்டயா?"

டீச்சர் கூட்டிப்போய்த் திறந்துவிட்டார். அம்மா உள்ளே போனார். குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. அடுத்த குழாய். கதவு கொஞ்சமாகத் திறந்து தலை மட்டும் வெளியே வந்தது.

"தண்ணி வரலையே?"

"வராது மேடம்."

"வராதுன்னா? எப்ப வரும்?"

"ஒன்பது மாசமா மோட்டார் ஓடல மேடம்."

அந்த அம்மாவின் முகத்தில் இருநூறு பள்ளிக்கூடங்களும் ஒருசேர ஓடின. திரும்பிப் போக வழியில்லை. முன்னே போகவும் வழியில்லை. டீச்சருக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும் என்பதால் பாவமாக இருந்தது. தண்ணியக்காவைப் பார்த்துச் சைகை காட்டினார். பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த குடத்தை அவள் இடுப்பில் தூக்கிவந்து கதவுக்குள் நகர்த்தினாள்.

ஆறு நிமிஷம் கழித்து இணை இயக்குநரம்மா வெளியே வந்தார். குடத்தின் மிச்சத்தில் கை கழுவினார். ரெண்டு படிதான் செய்தார். நிமிர்ந்தபோது எதிரே டீச்சர் கெட்டி அட்டைப் பதிவேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்ன இது?"

"எல்லாரும் எழுதணும் மேடம். சுற்றறிக்கைல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

டீச்சர் எந்தக் கிண்டலும் இல்லாமல்தான் சொன்னார். ஒருவர் உள்ளே போனார், வெளியே வந்தார். அது கணக்கில் வர வேண்டும். இணை இயக்குநரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். நன்றியுரை முடியப்போகிற கைதட்டல் கேட்டது. பேனாவை வாங்கி வேகமாக எழுதினார். பெயர் எழுதினார். வகுப்பு என்ற இடத்தில் பதவியை எழுதினார். உள்ளே 11.52, வெளியே 11.58. நோக்கம் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. 'ஆய்வு' என்று எழுதினார். திருப்தி என்பதில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, 'சுமார்' என்று போட்டார். பழக்க தோஷத்தில் கையெழுத்துக்குக் கீழே முத்திரையும் குத்திவிட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளைங்க எங்கதான் போறாங்க?"

"போறதில்ல மேடம்."

அவர் ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. ஒருங்கிணைப்பாளர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அன்றைக்கே டீச்சர் அந்த ஒற்றைப் பக்கத்தை நகல் எடுத்துப் பழைய மனுவோடு இணைத்துக் குழாய்ப் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று மாதத்துக்குப் பதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, ஆனால் உண்மையான வரி என்று கீழே குறிப்பும் எழுதினார். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஜீப் வந்தது. மெக்கானிக் ஒருவர் இறங்கி, அரக்கு முத்திரையை உடைத்து, மோட்டாரைக் கழற்றி, புது மோட்டாரை மாட்டி, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்.

"அரை நாள் வேலை டீச்சர் இது. இதுக்கா ஒன்பது மாசம் விட்டுவச்சீங்க?" என்று கடிந்துகொண்டார். பிறகு ஆணையைக் காட்டினார். 'இணை இயக்குநர் அவர்கள் பயன்படுத்தும் கழிப்பறைக்கு மிக அவசரமாகத் தண்ணீர் வழங்குதல்' என்று இருந்தது. நாலு அறையில் ஓர் அறைக்கு மட்டும்.

டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ மத்த மூணு?"

"ஆர்டர்ல இல்ல." மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஆனா பைப் நாலுக்கும் சேர்ந்தாப்பலதான் போகுது. மூணுக்கு மட்டும் வராம பண்ணணும்னா தனியா வால்வு போட்டு அடைக்கணும். அதுவும் ஆர்டர்ல இல்ல. ஆர்டர்ல இல்லாத வேலைய நான் எப்படி செய்யிறது?"

சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் குழாய் இருமியது. செம்மண் கலந்து கக்கியது. அப்புறம் நாலு அறையிலும் தெளிவான தண்ணீர் கொட்டியது. தண்ணியக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீச்சர் பூட்டைக் கழற்றினார். மத்தியான இடைவேளையில் அவரும் போய்விட்டு வந்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. வந்ததும் பையிலிருந்த பாட்டிலை எடுத்து, நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

சூளைக்கு ஆள் அனுப்பினார். நெட்டையின் அம்மா நேரே கிளம்பிவந்து, கதவைத் திறந்து, குழாயைத் திருகி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாள். "ஒரு வாரம் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நெட்டை மறுநாள் வந்தாள். பாடம் விட்டுப்போனதில் எரிச்சலாக இருந்தாள்.

நூற்றி நாற்பது பிள்ளைகள் போய்வருகிற இடம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. தரை ஈரம், ஈரத்தில் செம்மண் காலடி. சோப்புகள் தேய்ந்து சில்லுபோல ஆகின. எவனோ ஒருவன் சுவரில் இருந்த சிரிக்கிற குழாய்க்கு மீசை வரைந்திருந்தான். தண்ணியக்கா தினமும் ரெண்டு வேளை கழுவினாள். குடிதண்ணீர்க் குடம் மத்தியானத்துக்குள் காலியாகிறது என்று சலித்துக்கொண்டே இன்னொரு நடை போய்வந்தாள். பதிவேட்டில் பிள்ளைகள் ஒன்றிரண்டு நாள் எழுதிப்பார்த்தார்கள். வரிசை நீண்டுவிடுகிறது என்று டீச்சரே அதை எடுத்துவைத்துவிட்டார்.

மாதக் கடைசியில் புகைப்படம் ஏற்ற வேண்டும். டீச்சர் இருந்ததை இருந்தபடி எடுத்து ஏற்றினார். ஐந்து நட்சத்திரம் மறுநாளே ஒன்றானது. அதற்கடுத்த வாரம் மெமோ வந்தது. பெரிய சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டார்.

'ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்ற தங்கள் பள்ளிக் கழிப்பறை, இம்மாதப் புகைப்படங்களில் பயன்படுத்தப்பட்ட நிலையில் காணப்படுகிறது. இதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

"என்ன டீச்சர் எழுதறது?" பெரிய சாரின் குரல் உள்ளே போயிருந்தது.

டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் எழுதி நீட்டினார். பெரிய சார் வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் வாசித்தார்.

'பிள்ளைகள் போனார்கள்.'

"இன்னும் கொஞ்சம் விரிவா இருந்தா..."

"இதுக்கு மேல என்ன சார் இருக்கு?"

பெரிய சார் யோசித்தார். ஒரே மெமோவுக்கு மூன்று முறை விளக்கம் எழுதிய அனுபவம் அவருக்கு இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சரி, இருக்கட்டும். ஆனா கடைசியா ஒரு வரி சேக்கணும் டீச்சர். 'இனிமேல் இதுபோல் நிகழாது'ன்னு. அதுதான் வழக்கம். அது இல்லாம மேல ஏத்துக்க மாட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே இடைவேளை மணி அடித்தது. பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் ஓடினார்கள். பெஞ்சைத் தள்ளிக்கொண்டு நெட்டையும் எழுந்தாள். டீச்சர் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு எழுத்தும் சேர்க்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நிகழும் சார்" என்றார். "தினமும் நிகழும். கையெழுத்துப் போடுங்க."